கேட்காமல் எடுத்த மீசை

என் அருமை மாது,

நீ இல்லாத கடத்தூரில் எல்லாரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். எழுதுகிற எனக்கே நம்பிக்கை இல்லை. எதையும் முதல் தடவையிலேயே நம்பிவிடும் பழக்கம் நம் இருவருக்கும் எப்போது இருந்தது?

உன் மோட்டார் காயில் கட்டும் கடை பூட்டிக் கிடக்கிறது. அதை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை திறந்து கிடக்கிறது. இரண்டிலும் வியாபாரம் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் ஒரு பேப்பரை வாங்கி நடுவில் உருவி, முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு என்று பிரித்துக்கொள்வோமே. இப்போது முழுப் பேப்பரும் என்னிடமே இருக்கிறது. படித்துவிட்டு, "இதுல என்னமோ இருக்குதுடா" என்று சொல்ல வாயெடுக்கிறேன். பக்கத்தில் உன் கடை ஷட்டர். தனியாளாகச் சந்தேகப்படுவது இவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியாது மாது. யாரிடம் சொல்லி உறுதி செய்துகொள்வது?

நாட்டு நடப்பு கேள். தங்கம் ஏறிக்கொண்டே போகிறது. யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் நகைக்கடையில் நிற்க இடமில்லை. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிறார்கள். அதே தக்காளி நம் மளிகைக் கடைக்கு வரும்போது விலை இறங்கியிருப்பதில்லை. நடுவில் எந்த இடத்தில் ஏறுகிறது? நீ இருந்தால் ஒரு டீ குடிப்பதற்குள் குற்றவாளியைப் பிடித்திருப்பாய்.

தேர்தல் நெருங்குகிறது. இத்தனை வருடம் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் கும்பிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் தெருவில் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே வந்தவர், வேகத்தில் உன் பூட்டிய கடைக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். உனக்குச் சேர வேண்டியது, அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. கம்ப்யூட்டரில் யார் குரலையும் செய்துவிடுகிறார்களாம். பெற்ற பிள்ளை குரலிலேயே போன் வருகிறதாம், அழுகையோடு. ஒரு பெரிய மனிதர் மேடையில் பேசக்கூடாததைப் பேசினார். மறுநாள், அது நானில்லை, கம்ப்யூட்டர் என்றார். பொய்யை நிஜம் போலக் காட்ட வழி வந்திருப்பதுகூட எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நிஜத்தையும் பொய் என்று தட்டிவிட ஒரு வழி கிடைத்துவிட்டதே, அதுதான் உறுத்துகிறது. இதைச் செல்வியிடம் சொன்னேன். "அப்ப நேத்து ராத்திரி கொறட்ட விட்டதும் கம்ப்யூட்டருங்களா?" என்கிறாள். என் மனைவியிடம் நாட்டு நடப்பு பேசுவதில் உள்ள சிக்கல் இதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. உனக்காக நான் மீசையை எடுத்துவிட்டேன்.

உன் கருமாதி அன்று ஏரிக்கரையில் உன் பங்காளிகள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து மீசையை எடுத்துக்கொண்டார்கள். நானும் பழக்கதோஷத்தில் அந்த வரிசைக் கடைசியில் போய்க் குந்திவிட்டேன். உன் பெரியப்பா மகன் கோவிந்தன் வந்து மெதுவாகத் தோளைத் தொட்டான்.

"நீங்க பங்காளி இல்லீங்களே. அப்பிடி வேப்ப மரத்தடியில சேர் போட்டிருக்குதுங்க. காப்பி அங்கதான் மொதல்ல வரும்."

மரியாதையாகத்தான் சொன்னான். காப்பியும் முதலில்தான் வந்தது. நீ வேறு சாதி, நான் வேறு சாதி. உன் சாவில் எனக்குத் தீட்டு இல்லை, ஒட்டு இல்லை, பிளாஸ்டிக் சேர் உண்டு. அவன் சொன்னதில் தப்பில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது மாது: உன் சாவில் எனக்குப் பங்கு உண்டா, இல்லையா?

வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய் நானே மழித்துக்கொண்டேன். அதுவும் சுத்தமாக வரவில்லை. இடப்பக்கம் ஒரு கீறல். வெளியே வந்ததும்தான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. நம் பக்கத்தில் என் வயதுக்காரன் மீசையில்லாமல் தெருவில் நடந்தால் அர்த்தம் ஒன்றுதான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்தி, "வூட்டுல யாருங்க?" என்று கேட்டார்கள். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் செல்வியைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார், இவள் போய்விட்டாள் என்று நினைத்திருந்தாராம்.

எல்லாரையும்விட என் அண்ணனுக்குத்தான் கோபம். அதியமான்கோட்டையிலிருந்து வண்டியை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஏன்டா, கூடப்பொறந்தவன் நான் கல்லு மாதிரி நிக்கறன். யாருக்குடா மீசைய எடுத்த?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். "அவன் உனக்குப் பங்காளியா? மாமனா மச்சானா? உசுரோட இருக்கறவனுக்கு ஆவாதுடா இது" என்றார். அன்று முழுக்கத் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு முட்டை தோசை கூடுதலாகவே சாப்பிட்டார்.

அப்புறம் துக்கம் மாத்துகிற சடங்கு வந்தது. உனக்குத் தெரியாததா. செத்த வீட்டுக்காரரைச் சம்பந்தம் பண்ணிய உறவுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய், தலையில் எண்ணெய் வைத்துக் குளிக்க வைத்து, புதுத்துணி கொடுத்து, கறிசோறு போட்டு அனுப்புவார்கள். அதன் பிறகு அவர்கள் சிரிக்கலாம், கல்யாணத்துக்குப் போகலாம். உன் காவேரியை அவள் அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டிக்கு அழைத்துப்போய் மாத்தி அனுப்பினார். கோவிந்தனை அவன் மாமனார் வீட்டில் அழைத்தார்கள். திரும்பி வரும்போது ஏப்பம் விட்டுக்கொண்டே வந்தான். என்னை யார் அழைப்பார்கள்? என் மச்சான் கணக்கில் என் வீட்டில் சாவே விழவில்லையே. எனக்கு மாத்த எந்த உறவுக்கும் கடமை கிடையாது. மொட்டை முகத்தோடு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மார்கழியில் ஒருநாள் போன். புது நம்பர்.

"சித்தப்பா, நித்யா பேசறன். நல்லா இருக்கீங்களா?"

உன் மகள் குரல்தான். ஆனால் உன் மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். சித்தப்பா என்றது என் காதில் அலாரம் அடித்தது போல இருந்தது. பேப்பரில் படித்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நித்யாவா? அப்ப ஒண்ணு கேக்கறன், சொல்லு. உங்கப்பன் கடையில ஷாக் அடிச்சு விழுந்தது யாரு?"

"நீங்கதான். ஈரக் கையோட ஸ்டார்ட்டரத் தொட்டுட்டு, விழுந்து எந்திரிச்சதும், கரண்டு இருக்குதான்னு டெஸ்ட் பண்ணேன்னு சொன்னீங்க."

நித்யாதான். எந்தக் கம்ப்யூட்டருக்கும் இது தெரியாது.

"நீங்களும் அத்தையும் வெள்ளிக்கெழம கெளம்பி பெங்களூர் வாங்க. நல்ல குளுரு. ரெண்டு நாளு ஊரச் சுத்திப் பாத்துட்டு ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல போலாம்."

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

மாது, நீயே சொல். நம் வாழ்நாளில் சும்மா யாராவது நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்களா? கூப்பிட்டால் ஜாமீன் கையெழுத்துக்கு, இல்லையென்றால் பந்தலுக்கு வாழை மரம் கட்ட. போனை வைத்ததும் கணக்குப் போட்டேன். நித்யா உன் ஒரே பெண். காவேரி கடத்தூரில் தனியாக இருக்கிறாள். வீட்டையும் கடையையும் விற்றுவிட்டு அம்மாவை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள், காவேரி அசையமாட்டாள், ஆகவே பேசி மசிய வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் குளிர்காலச் சுற்றுலா. செல்வியிடம் சொன்னேன்.

"இவருக்கு எல்லாத்துலயும் ஒரு கேஸு" என்றாள். சொல்லிக்கொண்டே பெட்டியை இறக்கித் துடைத்தாள். இதைக் கவனி. பஸ் என்றாலே தலை சுற்றுகிற பெண் மறு கேள்வி கேட்காமல் பெட்டி கட்டுகிறாள். சதியில் இவளும் உண்டு என்று அப்போதே முடிவு செய்தேன்.

தருமபுரியில் பஸ் ஏறும்போது வெயில். ஓசூர் தாண்டியதும் ஜன்னல் சந்து வழியாக ஊசி போல ஒரு காற்று வந்தது. பெங்களூரில் இறங்கியபோது குரங்குக் குல்லாயோடு நான் ஒருவன்தான் நின்றேன். அங்கே இருக்கிறவர்கள் அரைக்கால் சட்டையோடு நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். நாய்தான் கம்பளிச் சட்டை போட்டிருந்தது.

நித்யா குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் ஒரு செக்யூரிட்டி. என் ஆதார் அட்டையை வாங்கினான். அதில் எனக்கு மீசை, அதுவும் நல்ல மீசை. என் முகத்தைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், இந்தியில் என்னமோ கேட்டான். உதட்டுக்கு மேல் பாதி முளைத்த பயிர் மாதிரி இருந்ததைத் தடவிக் காட்டினேன். அவன் செல்வியைப் பார்த்தான். செல்வி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவருதான்னு நெனக்கிறன்" என்றாள். சந்தேகம் நம் வீட்டுச் சொத்து மாது. வெளியாட்கள் அதைத் தொட்டபோதுதான் எவ்வளவு சுடும் என்று தெரிந்தது.

மாப்பிள்ளை மஞ்சு வந்து அழைத்துப்போனான். உன் மாப்பிள்ளை தங்கமான பையன், அதனாலேயே எனக்கு அவன்மேல் ஒரு கண். அவன் அம்மா லட்சுமம்மா இருந்தார். ஆனேக்கல் பக்கம் சொந்த ஊர். கன்னடமும் தமிழும் கலந்து பிசைந்த பேச்சு. "பஸ்ஸல்லி கஷ்டமா? கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று உட்காரச் சொன்னார். ராத்திரிக்கு வெறும் ரசமும் பொரியலும். கறி இல்லாமல் விருந்து வைக்காத ஆனேக்கல்காரர்கள், விருந்தாளி வந்திருக்கிறான், ஒரு முட்டைகூட இல்லை. ஏன்?

சனிக்கிழமை முழுக்க ஊர் சுற்றல். மெட்ரோ ரயிலில் ஏற்றினார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை, இழவுக்குப் போகிற பஸ்ஸில்கூட நம் ஊரில் இதைவிடச் சத்தம் இருக்கும். ஒரு பெரிய பூங்காவில் பனி விலகுவதற்குள் ஆயிரம் பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள், துரத்துபவர் யாருமில்லை. நீ இருந்தால், "இவனுங்க எல்லாம் எதையோ மறைக்கறானுங்கடா" என்றிருப்பாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பி உன்னிடம் சொல்லப் போனேன். மஞ்சு நின்றிருந்தான்.

நித்யா என்னை ஒரு கடைக்கு இழுத்துப்போய் முதுகில் ஸ்வெட்டரை வைத்து வைத்து அளந்தாள். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா, என் இடுப்பைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, மஞ்சுவோடு தனியாக வேறொரு கடைக்குப் போனாள். கையில் ஒரு பையோடு வந்தாள். பையில் என்ன என்றேன்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா."

மறுபடியும் சித்தப்பா. இரண்டு நாளாக வீடு விற்கிற பேச்சு வரும், வரும் என்று வாயில் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். "உன் அம்மா இருக்கற வரைக்கும் அந்த வூட்டுல ஒரு செங்கல்லு அசையாது" என்பது என் பதில். நல்ல வசனம். வீணாகப் போய்விடுமோ என்று கவலையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சு ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயோடு வந்து நின்றான்.

"சித்தப்பா, சேர்ல உக்காருங்க. கண்ண மூடிக்கங்க."

"எதுக்குப்பா?"

"குளுருக்கு நல்லது."

நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தட்டுகிற கை. உச்சந்தலையில் மூன்று முறை தொட்டு வைத்தான், பழக்கமில்லாத கை. மார்கழிக் குளிரில் தலைக்கு எண்ணெய் வைப்பது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டேன். குளியலறையைக் காட்டினான். குளித்துவிட்டு வந்தால் என் பழைய வேட்டியைக் காணோம். கட்டிலில் புது வேட்டியும் துண்டும். சமையலறையிலிருந்து கறி கொதிக்கிற வாசனை. அப்பொழுதும் எனக்குப் புத்தி வரவில்லை மாது. ஊரில் எத்தனை வீட்டுக்கு நானே இதை முன்னால் நின்று நடத்தியிருக்கிறேன். என்னை வைத்து நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கூடத்தில் கிழக்கே பார்த்து இலை போட்டிருந்தது. என்னை உட்கார வைத்தார்கள். லட்சுமம்மா என்னைவிட மூத்தவர், அவர் உட்காரவில்லை. மஞ்சு உட்காரவில்லை. செல்வி சுவரோரம் போய் நின்றுகொண்டாள். எல்லாரும் நிற்க, நான் மட்டும் இலைக்கு முன்னால். சம்பந்தி வீட்டார் நின்று பரிமாற, துக்கக்காரன் மட்டும் உட்காருவான். சட்டென்று எழுந்துவிட்டேன்.

"என்னம்மா பண்றீங்க எனக்கு?"

"துக்கம் மாத்தறோம்" என்றாள் நித்யா. "அம்மாதான் சொன்னாங்க. அந்த மொட்ட மூஞ்சியோட கடையில உக்காந்திருக்கறாரு, ஒருத்தரும் கூப்புடல, பாக்க சகிக்கலன்னாங்க. அத்தைக்கும் தெரியும்."

செல்வியைப் பார்த்தேன். அவள் விட்டத்தைப் பார்த்தாள்.

"மாமான்னு கூப்புட்டா மாத்த முடியாதுல்ல? பங்காளிக்குத்தான மாத்தணும். அதான் சித்தப்பா."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன், கையில் கொடுத்ததும் அதன் மறுபக்கம் தெரிந்தது. கறியைத் தொட்டால் துக்கம் முடிந்தது. நாளை பொங்கல் வைக்கலாம், கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரலாம். உன்னைவிட்டு எல்லாரும் ஒவ்வொருவராக எழுந்துபோய்விட்டார்கள், கோவிந்தன் ஏப்பம்விட்டுக்கொண்டு போனான். நானும் எழுந்துவிட்டால் உன்னோடு யார் இருப்பது?

"வேணாம்மா. எனக்கு இப்பிடியே இருக்கட்டும்."

லட்சுமம்மா குழம்புக் கரண்டியோடு முன்னால் வந்தார். "ஏனப்பா, ஊட்டா மாடு, சாப்புடு. செத்தவருக்குப் பசி இல்லெ, நினக்கு இருக்குதல்லா."

"அவனுக்காக மீசைய எடுத்தவன் நானுங்க. ஒருத்தரும் கேக்காமயே எடுத்தன். யாரும் சொல்லி முடிக்கற துக்கமில்லைங்க இது" என்றேன்.

நித்யா உள்ளே போனாள். இன்னொரு இலையோடு வந்து, என் இலைக்குப் பக்கத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். அவள் தலையும் ஈரமாக இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அவளும் புதுச்சேலை கட்டியிருந்தாள்.

"எனக்கும் யாரும் மாத்தல சித்தப்பா. கட்டிக் குடுத்த பொண்ணுக்கு மூணு நாளுதான் தீட்டாம். நாலாம் நாளு இவங்க வூட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. அப்பாவுக்கு நான் ஒரே பொண்ணு, எனக்கு மூணு நாளு. உங்களுக்கு அதும் இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் தனியா உக்காந்தா வழக்கமில்லம்பாங்க. பக்கத்துல ஒரு பங்காளி உக்காந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் கூப்புட்டன். உக்காருங்க."

பார்த்தாயா மாது? காரணம் இல்லாமல் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று முதல் நாளே சொன்னேன். உன் மகளுக்கு என்னிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. நான் நினைத்த காரியம்தான் இல்லை.

உட்கார்ந்தேன். லட்சுமம்மா இரண்டு இலைக்கும் ஒரே அளவாகப் பரிமாறினார். நித்யா என்னைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். அவள் எடுத்ததும் நானும் எடுத்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே தின்றோம். நடுவில் அவள், "காரம் சாஸ்தியா?" என்றாள். "ஆமாம்மா, காரம்தான்" என்றேன். காரமே இல்லை. உன் சம்பந்தியம்மா சமையலில் மிளகாய் என்பது பெயருக்குத்தான். செல்வி பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு இலைகூடப் போடவில்லை, அவளுக்கு எங்கிருந்து காரம் வந்தது?

முடிந்ததா என்று கேட்கிறாயா? கறியில் துக்கம் மாறும் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஊர் வந்த மறுநாள் கடையைத் திறக்கும்போது உன் ஷட்டரைப் பார்த்தேன், அதே இடத்தில் அதே வலி. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இத்தனை நாள் திருடியதை மறைத்து வைத்திருப்பவன் மாதிரி அந்த வலியை வைத்திருந்தேன். இப்போது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். உன் அண்ணன் தம்பி முறையில் இருக்கிற எவனும் வந்து கேட்க முடியாது. உன் மாப்பிள்ளை கையால் எண்ணெய் வைத்து ஒப்புக்கொடுத்தது.

காவேரியைப் போய்ப் பார்த்தேன். வீடு விற்கிற பேச்சு நிஜமாகவே இல்லையா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "உங்க கூட்டாளி போயும் அந்தப் புத்தி உங்கள விட்டுப் போவலையே அண்ணே" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருசத் திதிக்கு ஏரிக்கரையில் பங்காளிகள் வரிசையில் வந்து உட்காருவேன். நித்யாவையும் பக்கத்தில் உட்கார வைப்பேன். கோவிந்தன் வந்து தோளைத் தொடுவான், வேப்ப மரத்தடியைக் காட்டுவான், காப்பி ஆசை காட்டுவான். எழுந்திருக்கமாட்டேன். அவள் எழுந்திருக்கவும் விடமாட்டேன்.

உன் மகளுக்குச் சித்தப்பனும்,
அவள் சொன்ன முறையில் உனக்குப் பங்காளியுமான
பெருமாள்